ஜூட் சொன்னவள்

பவி கண்ணு,

நீ திங்கட்கிழமை அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இதுவரை ஆறு முறை கேட்டுவிட்டேன். முதல் முறை கேட்டபோது சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே பையைப் பிடித்துக்கொண்டு நின்ற டீச்சரம்மா, "என்னம்மா, முகமே மாறிப்போச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல டீச்சர், பொண்ணு ஓட்றத நிறுத்திக்கப் போறாளாம்" என்றேன். "கல்யாணம் ஆச்சு, குழந்தையும் ஆச்சு, இன்னும் என்ன ஓட்டம்?" என்றார். வழக்கமாக அவருக்குக் கொசுறாக ஒரு கை நெத்திலி அள்ளிப் போடுவேன். அன்றைக்குப் போடவில்லை.

பதிலுக்கு நானும் பேசி அனுப்பலாம் என்று போனை அழுத்திப் பிடித்தேன். நாலு முறை பிடித்து நாலு முறையும் விட்டுவிட்டேன். என் வாயை நம்பி முக்கியமான எதையும் ஒப்படைக்கக் கூடாது என்று நான் முடிவெடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். மீன்காரி என்ன இப்படி எழுதுகிறாள் என்று உன் வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டால், உங்கள் மாமியார் பன்னிரண்டாவது பாஸ் என்று சொல். பேசுவதுதான் எனக்குக் குப்பத்துப் பேச்சு. எழுத உட்கார்ந்தால் ஒழுங்காக எழுதுவேன். சிரிக்காதே, முழுக்கப் படி. நடுவில் கோபம் வரும். அப்போதும் படி.

நீ சொன்னது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டத்துக்கு மைதானத்துக்குப் போவாயாம். ஆனால் ஓடுவதற்கு இல்லையாம். பயிற்சி தருகிற மாஸ்டரிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஸ்பைக்ஸ் ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடுவாயாம். "ஸ்டார்ட்டே வரலம்மா. துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டாலும் அது நெஜமாவே கேட்டுச்சான்னு ஒரு யோசனை வருது. எல்லாரும் போனப்புறம்தான் எழுந்துக்கறேன். என் காதை என்னாலயே நம்ப முடியல. போதும்மா, விட்டுடறேன்." குழந்தையை விட்டுவிட்டு வர மனசில்லை என்று நீ சொல்லியிருந்தால், சரிதான் போடி என்று விட்டிருப்பேன். காதை நம்ப முடியவில்லை என்றாயே, அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் காதில் ஒரு குறையும் இல்லை பவி. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை பேச விடு. நேரே வர எனக்குத் தைரியம் போதவில்லை.

நீ ஓட்டக்காரி ஆனது எந்த மைதானத்திலும் இல்லை. அனகாபுத்தூரில் நம் சந்தில், தண்ணி லாரிக்காகத்தான். லாரி பெரிய தெருவிலேயே நின்றுவிடும், சந்துக்குள் வராது. முதலில் குடம் வைத்தவர்களுக்கு ஆறு குடம் கிடைக்கும். கடைசியில் வருபவர்களுக்கு லாரிக்காரரின் முறைப்பு மட்டும்தான் கிடைக்கும். நான் சந்து முனையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பதால் லாரி வளைவதை முதலில் பார்ப்பவள் நான். நீ நம் வாசலில் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் குடத்தோடு குனிந்து நிற்பாய். "ரெடியா பவி?" என்று கத்துவேன். "ரெடி!" என்பாய். "ஜூட்!" என்பேன். அவ்வளவுதான், குடங்கள் சுவரில் படபடவென்று இடிக்கிற சத்தம் கேட்கும், நீ என்னைத் தாண்டிப் போயிருப்பாய். நான் ஜூட் சொன்னால் பம்மல் வரைக்கும் கேட்கும் என்று உன் அப்பா கிண்டல் செய்வார். பக்கத்து வீட்டு சரசாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உன் பொண்ணு கால்ல இன்னா மோட்டாரா கீது? எங்களுக்கும் ரெண்டு கொடம் வுட்டு வைக்கச் சொல்லுடி" என்று சண்டைக்கு வருவாள். எனக்குப் பெருமை தாங்காது. தெருவெல்லாம் கூவிக் கூவி மீன் விற்று வளர்ந்த தொண்டை இது. அந்தத் தொண்டையை வைத்து உன்னை ஓட விட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்தத் தீவுக்காரி வந்தாள். உனக்குப் பதினோரு வயது. வஞ்சரம் கட்டிக் கொடுக்கப் பழைய பேப்பர் கட்டைப் பிரித்தபோது, அதில் ஒரு கறுத்த பெண்ணின் படம், பக்கம் முழுக்க. ஓட்டத்தில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு வருகிறார்கள், இவள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வருகிறாள். "அம்மா, இதுல மீன் கட்டாத" என்று நீ பிடுங்கிக்கொண்டாய். கரீபியன் கடலில் நம் செங்கல்பட்டு ஜில்லாவில் பாதிகூட இல்லாத ஒரு தீவாம். அவள் பெயரை நீ எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. எனக்கு அவள் தீவுக்காரி. உனக்கு அவள் அக்கா. அவளுடைய அம்மா பஸ் நிற்கும் இடத்தில் மீன் வறுத்து விற்பவள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து நீ குதித்த குதி இன்னும் கண்ணில் இருக்கிறது. "அவங்களும் மீன்தாம்மா! நம்மள மாதிரியேதாம்மா!" நான் கெத்தாக, "நாம பச்ச மீனு, அவங்க வறுத்த மீனு. அவங்களுக்கு எண்ணெ செலவு" என்றேன். அன்றையிலிருந்து அவள் நம் வீட்டு ஆள்தான். ஆறு பெருகி நம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்த அன்று, நான் ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன், நீ அந்த மீன் வாசனைப் பேப்பரைப் பால் கவருக்குள் சுருட்டித் தலையில் முடிந்துகொண்டு நிற்கிறாய். உன்னை அப்போது ஒரு அறை அறைந்தேன். அதுவும் தப்புதான், அதையும் சேர்த்துக்கொள்.

அவளுடைய கதை முழுக்க நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மீன் கழுவுவேன், நீ படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்வாய். பெரியம்மா பெண்ணின் பழைய ஷூவுக்குள் துணி அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பந்தயம் ஓடினது, அதில் ஒரு ஷூ கழன்று விழுந்தும் ஜெயித்தது, பத்தொன்பது வயதில் உலகத்தையே ஜெயித்தது, எல்லாம். அதில் ஒன்றை மட்டும் நீ திரும்பத் திரும்பச் சொல்வாய். அவள் ஜெயித்தது இல்லை அது. ஒரு பெரிய இறுதி ஓட்டத்தில் வெடிக்கு முன்னால் அவள் கிளம்பிவிட்டாள். ஒரு தடவை முந்தினாலே வெளியே, அதுதான் சட்டம். சிவப்பு அட்டையைக் காட்டினார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையை மேலே தூக்கி, நான்தான் என்று ஒத்துக்கொண்டு, மடித்து வைத்த சட்டையை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். அவள் அம்மாவிடம் போய்க் கேட்டார்களாம். என் மகள் தோற்றாலும் பொய் சொல்லவில்லை, எனக்கு அது போதும் என்றாளாம் வறுவல் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "எப்படிப்பட்ட அம்மா பாரும்மா" என்றாய் நீ. ஆமாம் கண்ணு, எப்படிப்பட்ட அம்மா.

இனிமேல் சுற்றி வளைக்க முடியாது. அந்த நாளுக்கு வருகிறேன்.

உனக்குப் பதினேழு வயது. மாநில அளவில் பெண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டம். ஜெயித்தால் அடுத்து வடக்கே போய் நாட்டுக்காக ஓடுகிற பிள்ளைகளோடு நிற்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் அன்றைக்குக் கூடையை எடுக்கவில்லை. இருப்பதில் நல்ல புடவையைக் கட்டி, மல்லிகைப்பூ வைத்து, மீன் வாசனை போக மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். அப்பா ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார். இறுதிக்கோட்டுப் பக்கம்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் காரில் வந்த அப்பா அம்மாக்களாக இருந்ததால் எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ கிளம்புகிற பக்கம், ஆளில்லாத படிகளில் போய் உட்கார்ந்தோம். எங்கள் இரண்டு பேரோடு பள்ளிக்கூட யூனிபார்ம் போட்ட நாலைந்து பிள்ளைகள். உன் முதுகு எனக்கு அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது.

"ஆன் யுவர் மார்க்ஸ்" என்றார் வெள்ளைத் தொப்பி போட்டவர். நீ குனிந்தாய். "செட்" என்றார். நீ இடுப்பைத் தூக்கினாய். மைதானம் மொத்தமும் கப்சிப் என்று ஆகிவிட்டது. அந்த மௌனத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை பவி. எனக்கு அது மௌனமாகத் தெரியவில்லை. நீ இரண்டு கையிலும் குடத்தோடு வாசலில் குனிந்து நிற்கிறாய், நான் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஜூட்!"

நான்தான் பவி. நான்தான் கத்தினேன்.

நீ பறந்தாய். பக்கத்துப் பாதையில் இருந்த பெண்ணும் ஒரு குலுங்கு குலுங்கினாள், ஆனால் தரையிலிருந்து கையை எடுக்கவில்லை. உனக்குப் பின்னால், திரும்பி வா என்று இரண்டு முறை வெடி வெடித்தது. நீ திரும்பி நடந்து வந்து, "சார், யாரோ கத்தினாங்க சார்" என்றாய். அவர் நல்ல மனுஷன். எங்கள் பக்கம் திரும்பி, "யாரும்மா கத்தினது? யாராவது கத்தினீங்களா?" என்று கேட்டார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை கேட்டார். யூனிபார்ம் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, "சொல்லு" என்றார், உதட்டை அசைக்காமல். நான் சொல்லவில்லை. குற்றம் நம் பக்கம் என்று ஒத்துக்கொண்டால் உன்னை ஒரேயடியாக விலக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். காரில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பி, மீன்காரிக்கு இங்கே என்ன வேலை என்று பார்ப்பார்கள் என்றும் பயந்தேன். இதில் எது பெரிய பயம் என்று பத்து வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

உனக்குச் சிவப்பு அட்டையைக் காட்டினார்கள். நீ ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு அந்தத் தீவுக்காரியைப் போலவே வலது கையைத் தூக்கினாய். கையைத் தூக்கியபடியே ஓரத்துக்கு நடந்தாய். செய்தவள் படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீ கை தூக்குகிறாய்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் பாதிப் பாவிதான். திரும்பி வரும்போது அப்பா ஓட்டிய ஆட்டோவில் நீ என் தோளில் சாய்ந்திருந்தாய். குரோம்பேட்டை தாண்டியதும் மெதுவாகக் கேட்டாய். "அம்மா, ஜூட்னு கேட்டுச்சும்மா. உன் குரல்ல. நீ கத்தினியா?" நான் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "நா எங்கடி கத்துனேன்? நா வாயே தொறக்கல. உனக்கு பயத்துல காதுல அப்டி வுழுந்துகீது." ஆட்டோ கண்ணாடியில் அப்பா என்னைப் பார்த்தார். நீ, "அப்ப என் மண்டைக்குள்ளதான் கேட்டிருக்கு" என்றாய். இன்றைக்கு உன் காதை உன்னால் நம்ப முடியவில்லை என்கிறாயே, அதை உனக்குக் கொடுத்தவள் நான்தான். அந்த ஆட்டோவில் வைத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நீ தூங்கின பிறகு அப்பா கேட்டார், "இன்னா காரியம் பண்ணிட்ட நீ?" என்று. "சொன்னா கொயந்த மனசு ஒடஞ்சிபூடும்யா" என்றேன். "இப்ப மட்டும் இன்னா, ஒடையாமலா கீது?" என்றார். அவர் அதிகம் பேசாதவர், உனக்குத் தெரியும். பத்து வருஷத்தில் இதை வைத்து என்னை ஒரு சொல் குத்தியதும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று சொன்னதும் இல்லை.

மறுநாள் குன்றத்தூர் மலை ஏறினேன். முருகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் உன்னிடம் சொல்லமாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னேன். இனி நீ ஓடுகிற எந்த மைதானத்திலும் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சூடம் அடித்து வேண்டிக்கொண்டேன். கீழே இறங்கும்போதே, போகாமல் இருந்துவிட்டால் திறக்கவே வேண்டாமே என்று தோன்றியது. அதனால்தான் அதற்குப் பிறகு உன் ஓட்டம் ஒன்றுக்கும் நான் வந்ததில்லை. இடுப்பு வலி, ஐஸ் வரவில்லை, ஆடி வெள்ளி என்று எத்தனை சாக்குச் சொன்னேன்! தோற்றுப்போன பெண்ணைப் பார்க்க அம்மாவுக்கு வெட்கம் என்று நீ நினைத்துக்கொண்டாய். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதைச் சொல்லி அழக்கூட அழுதாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டே அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கத்தக்கூடாத இடத்தில் கத்தினேன், பேசவேண்டிய இடத்தில் எல்லாம் பேசாமல் இருந்தேன். என்ன வாயோ இது!

நீ தொடர் ஓட்டத்துக்குப் போனாய். நாலாவது ஆள். கட்டையை வாங்கிக்கொண்டு கடைசி நூறு மீட்டரை ஓடுகிற இடம். அதில் உன்னை யாரும் தொட முடியவில்லை, பதக்கம் வந்தது, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் வந்தது. எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் தெரியும், நாலாவது ஆளுக்கு வெடிச் சத்தத்தைக் கேட்டுக் கிளம்ப வேண்டியதில்லை என்று. இந்தத் தேர்வு ஓட்டத்தில் அப்படி இல்லை, வெடியைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இன்னொரு நாள் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் என் மூட்டை காலி. நீ வேலையில் சேர்ந்த புதிது. படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, அக்கா ஓட்டத்துல நேத்து யாரோ விசில் அடிச்சுட்டாங்களாம். ஒரு பொண்ணு கிளம்பிடுச்சு. ஆனா பச்சை அட்டை காமிச்சு எல்லாரையும் மறுபடி நிக்க வெச்சு ஓட விட்டாங்க. வெளிய இருந்து சத்தம் வந்தா அது ஓடறவங்க தப்பு இல்லையாம்" என்றாய். எனக்கு அருவாமனை விரலில் இறங்கிவிட்டது. நீ ஓடிப்போய் மஞ்சள் கொண்டுவந்து வைத்துக் கட்டினாய். விரலுக்காக நான் அழுகிறேன் என்று நினைத்தாய். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் இரண்டு முறை கேட்டது என்னைப் பிடித்துத் தண்டிக்க இல்லை. உன்னை மறுபடி நிற்க வைக்க. நான் எழுந்து, "நான்தாங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உனக்குப் பச்சை அட்டை கிடைத்திருக்கும். நீ அன்றைக்கே ஓடியிருப்பாய்.

இதையெல்லாம் இப்போது ஏன் அவிழ்க்கிறாய் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அதனால்தான். குட்டி பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து கை நீட்டுகிறேன். அவள் ஒரு காலைத் தூக்கிவிட்டு வைக்கலாமா வேண்டாமா என்று முழிக்கிறாள். பத்து வருஷமாக வாயில் வராத சொல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "ஜூட்!" என்றேன், சும்மா மெதுவாகத்தான். குட்டி பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாய். உன் வலது குதிகால் தரையை விட்டு எழும்பியதைப் பார்த்தேன். உனக்கே தெரிந்திருக்காது. சட்டையின் கையைப் பிடித்தபடி அப்படியே ஒரு நொடி நின்றாய், பிறகு மறுபடி மடிக்க ஆரம்பித்தாய். மறுநாள் காலையில் உன் மெசேஜ் வந்தது.

அந்தக் குதிகாலைப் பார் பவி. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், முதுகுக்குப் பின்னால், மெதுவாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு எழும்புகிற கால் அது. உன் காது அன்றைக்கும் சரியாகத்தான் கேட்டது. ஜூட் என்று கேட்டது, என் குரலில்தான் கேட்டது. உன் மண்டைக்குள் ஒன்றும் இல்லை. மைதானத்தில் அன்றைக்கு உண்மையைச் சொன்னது நீ ஒருத்திதான்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் பெற்றவளாயிற்றே, வாய் சும்மா இருக்காது. நிறுத்துவதானால் நிறுத்து. பிரசவ ஆபரேஷன் செய்த இடம் இழுக்கிறது என்றால் நிறுத்து. குட்டியை விட்டுப் பயிற்சி முகாமுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்து. ஓடி ஓடிச் சலித்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கப்போகிறேன் என்றாலும் நிறுத்து, நான் வந்து மீன் குழம்பு வைத்துத் தருகிறேன். உன் தீவுக்காரியும் ஒரு நாள் நிறுத்தினாள். பிள்ளை பெற்றபின் திரும்பி வந்து இரண்டு வருஷம் எல்லாரையும் திணற அடித்துவிட்டு, ஒரு ஓட்டத்தில் ஆறாவதாக வந்து, அங்கேயே ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டுப் போனாள். நீ அந்த வீடியோவைக் காட்டியபோது நிறைமாசம் உனக்கு. "கால் சொல்லுச்சு, நிறுத்திட்டாங்க" என்றாய். அப்படி நிறுத்து. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பிக்கொண்டு நிறுத்தாதே. அது மட்டும் என்னால் தாங்க முடியாது.

கோபம் வரும் என்று முதலிலேயே சொன்னேன். வரட்டும். ஒரு மாசம் பேசாமல் இருக்கவேண்டும் என்றால் இரு. குட்டியை மட்டும் அப்பாவிடம் கொடுத்து அனுப்பு, அவள் என்ன செய்தாள் பாவம். உன் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் சொல்லவேண்டும் என்றால் தாராளமாகச் சொல். மாஸ்டருக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "பத்து வருஷமா அந்தப் பொண்ணு ஸ்டார்ட்டிங் பிளாக்ல என்ன தப்பு பண்ணுதுன்னு தேடிட்டிருந்தேன்மா" என்றார். "ஒண்ணும் பண்ணல சார், நான்தான் பண்ணேன்" என்றேன். வேறு யாரிடம் சொல்லவேண்டும் என்றாலும் நீ சொல், நான் சொல்லிவிடுகிறேன். பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நீ ஓடினாலும் வருகிறேன், ஸ்பைக்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் வருகிறேன். இந்த முறை சோப்பெல்லாம் போடப்போவதில்லை, காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு இருக்கிற வாசனையோடுதான் வருவேன். அதே பக்கம், நீ கிளம்புகிற இடத்துக்கு நேர் பின்னால் உட்காருவேன். குட்டி என் மடியில் இருப்பாள். முருகனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே என்று அப்பாவிடம் கேட்டேன். அவர்தான் வழி சொன்னார். "வாய் நெறைய தண்ணி வெச்சிக்கோ. வெடி வெடிச்சப்புறம் துப்பிட்டு கத்து. அப்ப கத்துனா குத்தம் இல்ல. முருகன்கிட்ட நா பேசிக்கிறேன்." பத்து வருஷத்தில் அவர் இதைப் பற்றி என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் பவி. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதனால் பாட்டிலோடு வருகிறேன். மார்க்ஸ் என்றதும் ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொள்வேன். செட் என்று சொல்லிவிட்டு அவர் எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும் கன்னம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் உன் காதில் எது விழுந்தாலும் அது நான் இல்லை. அது வெடிதான். யோசிக்காதே, எழுந்து ஓடு.

நீ நாலு அடி தாண்டினதும் பின்னால் ஒரு குரல் கேட்கும். பம்மல் வரைக்கும் கேட்கும். அது நான்தான். இந்தத் தடவை யார் கேட்டாலும் கையைத் தூக்கி, நான்தான் என்று சொல்லுவேன்.

உன் அம்மா